அப்பத்தா இறந்தது எந்த ஊரில்? 1975-இன் ஓர் இறப்புப் பதிவைத் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மனு ஓடும். பழைய இறப்புப் பதிவைத் தேடித் தரச் சொல்லி மாதம் இரண்டு பேராவது வருவார்கள். அப்படி வந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதி உண்டு. ஆட்கள் பெயரும் ஊர்ப் பெயரும் தரவில்லை.

2024 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் 56 வயதுக்காரர் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். பையில் ஒரு பழைய கிரயப் பத்திரம், ஒரு கம்ப்யூட்டர் பட்டா, சாலை விரிவாக்கத்துக்காக நிலம் எடுக்கும் அறிவிப்பின் நகல். ஒரு ஏக்கர் பதினெட்டு சென்ட் புஞ்சையில் இருபத்திரண்டு சென்ட் சாலைக்குப் போகிறது. பட்டா இன்னும் அவருடைய அப்பத்தா பெயரிலேயே இருந்தது. அப்பத்தா இறந்து ஐம்பது வருஷம் நெருங்குகிறது. இழப்பீடு வாங்க வாரிசுச் சான்று வேண்டும், வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும்.

அப்பத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் வந்தவரின் தகப்பனார், அவரும் இப்போது இல்லை. நடுவில் ஒரு மகள், வந்தவருக்கு அத்தை, வயது 79. கடைசி மகன் மதுரையில் மில் வேலை பார்த்து, கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் நோயில் இறந்துபோனவர். பிள்ளை இல்லை. அவருடைய மனைவி மறுமணம் செய்யாமல் பிறந்த ஊரிலேயே இருக்கிறார். அப்பத்தாவின் கணவர் அப்பத்தாவுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

தேதியில் என்ன இருக்கிறது

அப்பத்தா எப்போது இறந்தார் என்று கேட்டேன். “எழுபத்தஞ்சோ எழுபத்தேழோ, ஏதாவது ஒண்ணு போட்டுக்கங்கண்ணே” என்றார். இப்படிச் சொல்லாத ஆளே கிடையாது. பெரும்பாலும் அதனால் கேடு எதுவும் வருவதில்லை. இந்தக் குடும்பத்தில் வரும்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து முதலில் மகன், மகள், கணவன் ஆகியோருக்குப் போகும். தாய்க்கு முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகளுக்கும் அந்த வரிசையில் பங்கு உண்டு. அந்த மகனின் மனைவிக்கு இல்லை. ஆகவே கடைசி மகன் தாய்க்கு முன் இறந்திருந்தால் பிள்ளையில்லாத அவர் மனைவிக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. தாய்க்குப் பிறகு இறந்திருந்தால், தாய் கண்ணை மூடிய அன்றே மூன்றில் ஒரு பங்கு அவருடையதாகி, அவருக்குப் பின் மனைவிக்கு வந்து சேரும்.

கடைசி மகனின் இறப்புச் சான்று அந்த அம்மாவிடமே இருந்தது. மில்லில் பி.எஃப். பணம் வாங்க அந்தக் காலத்தில் மதுரையில் எடுத்தது, தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்த தேதி 1976 ஜனவரி 11. அப்பத்தா 1975-இல் இறந்தார் என்றால் அந்த அம்மாவுக்குப் பங்கு, 1977 என்றால் இல்லை.

வந்தவருக்கு இது தெரியாது. அவருடைய தம்பிக்குத் தெரிந்திருந்தது என்று பிறகு புரிந்தது. ‘எமர்ஜென்சி முடிந்து எலெக்‌ஷன் வந்த வருஷம்’ என்று அப்பா சொன்னதாக அவர் அடித்துப் பேசினார். அத்தை சொன்ன கணக்கு வேறு: காமராஜர் செத்துப்போன சேதி ரேடியோவில் வந்ததற்கு அடுத்த வாரம், மகாளய அமாவாசை போய் அஞ்சாம் நாள், வியாழக்கிழமை.

முதல் தேடல்: ஜனவரி முதல் மார்ச் வரை

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது, தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது கிராமத்தில் பதிவேடு எழுதியவர் கிராம முன்சீப். தலையாரியோ வீட்டு ஆளோ போய்ச் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். 1980 நவம்பரில் முன்சீப், கர்ணம் பதவிகளை அரசு ஒழித்தது. அதற்குப் பின் வந்தவர்கள்தான் இன்றைய கிராம நிர்வாக அலுவலர்கள். அந்தக் கைமாற்றத்தில் பல ஊர்களில் பதிவேடுகள் ஒழுங்காக ஒப்படைக்கப்படவில்லை. முன்சீப் வீட்டுப் பரணிலிருந்து பத்து வருஷம் கழித்து எடுத்து வந்து கொடுத்த கட்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் கிடைப்பவை அண்மை ஆண்டுகளின் பதிவுகள்தான். வி.ஏ.ஓ.விடமும் சில வருஷத்துப் புத்தகங்களே இருக்கும். பழைய கட்டுகளைத் தாலுகா பதிவறையிலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோதான் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் மனுக் கொடுத்தோம். 1975 முதல் 1978 வரை அப்பத்தா வாழ்ந்த கிராமத்தின் பதிவுகளைப் பார்க்கச் சொன்னோம். 1975 புத்தகம் முழுசாக இருந்தது. ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. அந்த வருஷம் பதிவான சாவுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாயிற்று. அப்பத்தா பெயர் அதில் இல்லை, மற்ற மூன்று வருஷத்திலும் இல்லை.

பக்கம் கிழிந்திருந்தால் சந்தேகம் எழுந்திருக்கும். முழுப் புத்தகத்தில் பெயர் இல்லாததால், ‘அந்தக் காலத்தில் யார் பதிஞ்சாங்க’ என்ற வழக்கமான முடிவுக்கு நானும் வந்தேன். பதிவில்லை என்று சான்று வாங்கினோம்.

பத்திரிகை, கல்லறை, கோயில்

இதற்கிடையில் வேறு சாட்சியம் உண்டா என்றும் பார்த்தோம். பட்டணத்துப் பணக்காரக் குடும்பமாக இருந்தால் நாளிதழில் காலமானார் விளம்பரம் போட்டிருப்பார்கள். 1975-இல் புஞ்சைக்காட்டுச் சம்சாரிக் குடும்பத்தில் ஒரு கிழவி செத்ததற்கு யாரும் அப்படிப் போட்டதில்லை. இன்று சாவு விழுந்த ஒரு மணி நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஏறிவிடும் கண்ணீர் அஞ்சலி பேனரெல்லாம் பிற்கால வழக்கம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலில் அடக்கப் பதிவேடு இருக்கும், இஸ்லாமியர் என்றால் ஜமாத்தில் கேட்கலாம். இதே மாவட்டத்து நகரத்தார் என்றால் அவர்களுடைய ஒன்பது கோயில்களில் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பக் கணக்கு, உண்டு. இந்தக் குடும்பத்துக்கு இவை எதுவுமே இல்லை. எரித்த இடத்தில் கல்லும் நடவில்லை.

கோட்டாட்சியருக்கு மனு

ஒரு வருஷத்துக்கு மேல் பதியாமல் விட்ட சாவை இப்போது பதிய வேண்டுமென்றால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். பதிவில்லை என்ற சான்று, உறுதிமொழிப் பத்திரம், சாட்சிகள், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படிப்படியாக விசாரணை. நான் மனு தயாரித்தேன்.

மனுவில் தேதி எழுதும் இடத்தில் அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம். “சித்தி ஊரை விட்டுப் போயி நாப்பது வருஷமாச்சு, அவங்களை எதுக்குண்ணே இழுக்கணும்?” என்றார் தம்பி. அலுவலக வாசலில் சுற்றும் புரோக்கர் ஒருவர் இதைக் காதில் வாங்கிக்கொண்டு, எந்தத் தேதி வேண்டுமானாலும் ‘முடித்துத் தருவதாக’ அண்ணனிடம் தனியாகப் பேசியிருக்கிறார். அண்ணன் என்னிடம் வந்து சொன்னார். அன்று நான் எடுத்த முடிவு: மனுவில் அத்தை சொன்ன தேதியைப் போடுவது, அதைத் தாங்க வேறு ஆதாரம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடச் சொல்வது. அத்தையின் பேச்சில் நாள், கிழமை, திதி மூன்றும் இருந்தன. தம்பியின் பேச்சில் இருந்தது ஒரு வருஷம் மட்டும், அதுவும் அவர் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது.

அத்தை கணக்கைச் சரிபார்ப்பது எளிது. காமராஜர் இறந்தது 1975 அக்டோபர் 2, வியாழன். அடுத்த சனி ஞாயிறில் அமாவாசை. அதற்கடுத்த வியாழன் அக்டோபர் 9, வளர்பிறை பஞ்சமி. ஐம்பது வருஷமாக அத்தை திதி கொடுப்பதும் புரட்டாசி வளர்பிறை பஞ்சமியில்தான். மார்ச் முதல் வாரத்தில் மனு கோட்டாட்சியர் அலுவலகத்தில் சேர்ந்தது.

மார்ச் 16-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. பதிவறை ஆள் முதல் தாசில்தார் வரை எல்லாருக்கும் தேர்தல் வேலை. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. கோப்பு நகரவில்லை. அப்போது எரிச்சலாக இருந்தது. நகர்ந்திருந்தால் ஒரே சாவுக்கு இரண்டு பதிவு உண்டாகியிருக்கும்.

செய்முறை நோட்டு

மே மாதம் ஊர்த் திருவிழாவுக்கு வந்த அண்ணன், அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். கருமாதிச் செய்முறை நோட்டு, யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைப்பது. காக்கி அட்டை, நடுவில் சணல் கட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘ராட்சச வருஷம் ஐப்பசி மாதம்’. தேதி இருந்த மூலையைப் பூச்சி அரித்திருந்தது. ‘வெள்ளிக்கிழமை’ மட்டும் மிச்சம்.

ராட்சச வருஷம் என்றால் 1975 ஏப்ரல் முதல் 1976 ஏப்ரல் வரை. 1977 என்ற பேச்சு அதோடு முடிந்தது. வியாழக்கிழமை செத்தால் எட்டாம் நாளும் வியாழன், பதினைந்தாம் நாளும் வியாழன், பதினாறாம் நாள் வெள்ளி. அக்டோபர் 9-இலிருந்து எண்ணினால் அக்டோபர் 24, ஐப்பசி பிறந்த முதல் வெள்ளி. அத்தையின் ஞாபகமும் பூச்சி விட்டுவைத்த அந்த ஒரு சொல்லும் ஒத்துப்போயின.

பின்பக்கங்களில் கோடி போட்டவர்கள் பட்டியல், அரிசி, தேங்காய், வண்ணார், நாவிதர் கூலி. கடைசிப் பக்கத்தில் செலவுக் கணக்கு. அதில் ஒரு வரியில் ‘வண்டி வாடகை’ என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர். அது அப்பத்தாவின் ஊர் இல்லை. கருமாதிக்குச் சாமான் ஏற்றி வந்த வண்டியாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். சாமான் வாங்கப் போகிற சந்தை அந்தத் திசையிலேயே இல்லை.

கேட்காத கேள்வி

அத்தையைப் போய்ப் பார்த்தேன். வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வண்டி வாடகை வரியை வாசித்துக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னார்:

“ஆத்தாவை ஏத்திக்கிட்டுப் போன வண்டி தம்பி. காய்ச்சலா இருக்குன்னு ஒரு மாசமா என்கிட்டதான் கெடந்துச்சு. இந்தத் திண்ணையிலதான் உசிரு போச்சு. ராவோட ராவா ஏத்தி அண்ணன் வீட்டுல கொண்டுபோய் எறக்குனோம்.”

ஜனவரியிலிருந்து அத்தையிடம் நான்கு தடவை பேசியிருக்கிறேன். எப்போது, எந்தக் கிழமை, எந்தத் திதி என்றெல்லாம் குடைந்தேன். எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை, அவருக்கு அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. திருப்பூர்க்காரர் பிறகு சொன்னார்: ஏழு வயதில், ராத்திரி வாசலுக்கு ஒரு மாட்டுவண்டி வந்து நின்றதும் அதன் அடியில் லாந்தர் ஆடியதும் ஞாபகம் இருக்கிறதாம். அது ஏதோ கல்யாண வண்டி என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார்.

தவறு என்னுடையது, அதுவும் வாய்த் தவறு இல்லை, அச்சிலேயே இருந்த தவறு. காலதாமதப் பதிவுக்கு நான் வைத்திருக்கும் மாதிரி மனுவில் ‘மேற்படி கிராமத்தில் தனது இல்லத்தில் காலமானார்’ என்ற வரி பல வருஷமாக அப்படியே கிடந்தது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவேன். அதே வரியோடுதான் இந்த மனுவும் போயிருந்தது. சாவைப் பதிவது அது நடந்த இடத்தில். குடியிருந்த ஊரில் இல்லை. இந்த விதி எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சாவு என்றால் உடனே ஞாபகம் வந்திருக்கும், வீட்டுச் சாவு என்றதும் எந்த வீடு என்று யோசிக்கவில்லை.

இரண்டாவது தேடல்: ஜூன், ஜூலை

முதலில் கோட்டாட்சியர் மனுவைத் திரும்பப் பெற்றோம். அதைக் கிடப்பில் விட்டு இந்தப் பக்கம் தேடலாம் என்று அண்ணன் சொன்னார். உறுதிமொழிப் பத்திரத்தில் இடம் தவறு என்று தெரிந்த பிறகு அது உயிரோடு இருப்பது அவருக்கே ஆபத்து என்று சொல்லி, திரும்பப் பெறும் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

அத்தையின் ஊர் பன்னிரண்டு மைல் தள்ளி. 1975-இல் இரண்டு ஊரும் ராமநாதபுரம் மாவட்டம். 1985-இல் அந்தப் பெரிய மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது அப்பத்தாவின் ஊர் இந்தப் பக்கம் வந்தது, அத்தையின் ஊர் ராமநாதபுரத்திலேயே நின்றது. பிறகு தாலுகாவும் பிரிந்திருக்கிறது. இன்றைய தாலுகா அலுவலகத்தில் கேட்டால் தங்களிடம் அவ்வளவு பழைய கட்டு இல்லை என்றார்கள். சரிதான், அந்த அலுவலகமே அப்போது கிடையாது. தாய்த் தாலுகாவில் கேட்டோம், 1975 கட்டு இல்லை. கடைசியில் அந்தக் கிராமத்துக்கு உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில், ஜூலை இரண்டாம் வாரம், பதிவேடு கிடைத்தது.

பக்கத்தில் இருந்தது

கருநீல மை, சாய்ந்த கையெழுத்து. முன்சீப் நன்றாகப் படித்தவராக இருக்க வேண்டும், ஒரு அடித்தல் இல்லை. இறந்த தேதி 9-10-75. காரணம்: சுரம். வயது 60. தகவல் கொடுத்தவர்: மருமகன். வசிக்கும் ஊர் என்ற இடத்தில் அப்பத்தாவின் சொந்த ஊர் சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. புருஷன் பெயரும் சரி.

பெயரில்தான் சிக்கல். பத்திரத்திலும் பட்டாவிலும் உள்ள பெயர் இல்லை, வீட்டில் கூப்பிட்ட பெயர். மருமகன் மாமியாரின் பத்திரப் பெயரை எங்கே கண்டார்? வயதும் பத்திரத்துக்கு ஐந்து வருஷம் கூடுதல்.

பதிவேட்டைத் திருத்தக் கேட்பதா, அப்படியே எடுத்துக்கொள்வதா என்று யோசித்தோம். பதிவில் பிழை இருந்தால் திருத்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் இது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெயரும் அவருடைய பெயர்தான். ஐம்பது வருஷத்துப் பதிவில் புதிதாக ஒரு கை பட்டால், நாளை தம்பியோ வேறு யாரோ அதைக் காட்டியே சந்தேகம் கிளப்பலாம். அதனால் உள்ளது உள்ளபடி சான்று வாங்கி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அத்தையும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் உறுதிமொழி கொடுப்பது என்று முடிவு செய்தோம். செய்முறை நோட்டிலும் முகப்பில் வீட்டுப் பெயர்தான் இருந்தது, அதன் நகலையும் சேர்த்தோம்.

அதன் பிறகு

ஒரு சான்றில் 1975 அக்டோபர் 9, இன்னொன்றில் 1976 ஜனவரி 11. இடைவெளி 94 நாள். இரண்டையும் அக்கம் பக்கமாக வைத்து, வழக்கறிஞர் ஒருவரிடம் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பத்து நிமிஷத்தில் விளக்கிவிட்டார். தம்பி அதற்குப் பிறகு எதிர்த்துப் பேசவில்லை, சம்மதித்தும் பேசவில்லை. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்து கையெழுத்து மட்டும் போட்டார்.

சித்தியை விசாரணைக்கு அழைத்தபோது முதலில் வர மறுத்தார். அந்த வீட்டுச் சொத்து எனக்கு எதுக்கு என்றார். அத்தை நேரில் போய்க் கூட்டி வந்தார். என் மேசையில் இறப்புச் சான்றை வைத்திருந்தேன். அதை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “அத்தை பேரை இப்படியா எழுதியிருக்கு, இது நாங்க கூப்பிட்ட பேராச்சே” என்று மட்டும் சொன்னார்.

அக்டோபரில் வாரிசுச் சான்றுகள் வந்தன. இழப்பீடு மூன்று பங்காகப் பிரிந்து அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வங்கிக்கு வந்தது. மிச்சமுள்ள நிலத்துக்குப் பட்டா மாறுதல் இன்னும் முடியவில்லை. உட்பிரிவு அளக்க சர்வேயருக்குக் காத்திருக்கிறார்கள்.

இனி மாற்றிச் செய்வது

மாதிரி மனுவிலிருந்து ‘தனது இல்லத்தில்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். அந்த இடம் இப்போது வெறும் கோடு. ஆள் வந்ததும் தேதிக்கு முன்னால் கேட்பது: உயிர் பிரிந்தது யார் வீட்டில், அன்று பக்கத்தில் இருந்தது யார், முன்சீப்பிடம் போய்ச் சொன்னது யார். பெண்ணின் சாவு என்றால் மகள் வீடு, பிறந்த வீடு இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்கிறேன். நோயில் விழுந்த தாய்மார்கள் மகளிடம் போய்க் கிடப்பது நம் ஊர்களில் புதிதா என்ன?

பதிவில்லைச் சான்றுக்கு அவசரப்படுவதில்லை. அந்தச் சான்றில் பொய் இருக்காது, தேடிய ஊரில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதைக் கையில் வாங்கியதும் எல்லாரும், நான் உட்பட, தேடுவதை நிறுத்திவிடுகிறோம். 1980-க்கு முந்தைய சாவு என்றால் அந்த ஊர் அப்போது எந்தத் தாலுகா, எந்த சார்பதிவகம் என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதுகிறேன், பத்திரப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ராமநாதபுரத்துப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் தாண்டிப் போயிருப்போம்.

இன்னொன்று சரிசெய்ய முடியாமலே நிற்கிறது. செய்முறை நோட்டு போன்ற காகிதம் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்கிறேன். பத்தில் எட்டுப் பேர், வீடு இடித்துக் கட்டும்போது பழைய காகிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். இந்த நோட்டை இரண்டு நகல் எடுத்து ஒன்றை அத்தையிடம் கொடுத்தேன். மூல நோட்டு திரும்பவும் டிரங்குப் பெட்டிக்குள் போயிருக்கிறது, இந்தத் தடவை வேப்பிலையோடு.